கல்லட்டி ஏற ஒரு கார்: எதை முதலில் மாற்றுவது?

ஊட்டி–மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இப்படிப்பட்ட ரோட்டுக்கு வண்டியைத் தயார் செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது இன்ஜினில். கடைசியாகத் தொட வேண்டியதே அதுதான்.

முதல் செலவு பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் (DOT) என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155. டாட் 5.1 என்றால் புதிதில் 260, ஈரம் ஏறினால் 180. (வெறும் டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்கவே கூடாது.) இறக்கத்தில் பெடல் பஞ்சு போல அமுங்கித் தரைவரை போனால், ஆயில் கொதித்து ஆவி சேர்ந்திருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால், பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) சூடேறிப் பிடிப்பை விட்டிருக்கிறது. முதலாவதற்குப் புது ஆயில், இரண்டாவதற்கு அதிகச் சூடு தாங்கும் பேட். பழைய ஆயிலோடு பெரிய டிஸ்க் மாட்டுவது வீண். ஒரு லிட்டர் போதும். ஆயில் மாற்றுவதை எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்று மேனுவலைப் பாருங்கள். மாற்றும்போது வண்டியிலுள்ள ஆயில் டப்பா காலியாகிக் காற்று புகுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். எதை ஊற்றினாலும் இறக்கத்துக்கு இரண்டாம் கியர்.

அடுத்து சஸ்பென்ஷன். நல்ல டயர் போடாமல் இதற்குச் செலவழிக்காதீர்கள். ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால், அது திரும்பி எழுவதைப் பழைய ஷாக் அப்சார்பரால் அடக்க முடியாது. வளைவின் நடுவே ஒரு பள்ளம் வந்தால் வண்டி துள்ளும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். உயரத்தை 25 மில்லிமீட்டருக்கு மேல் குறைக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பு) இடித்து, முன்பக்கம் சட்டென்று வெளியே வழுக்கும். லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) போல்ட்டை வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் அதன் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட்: முன்னால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு, மைனஸ் என்றால் உள்நோக்கி) மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி வரை. முன்சக்கர டிரைவ் வண்டியில் முன் ஆன்டி ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) தடிமனாக்கினால் ஊசி வளைவில் உள்சக்கரம் சும்மா சுழலும். பின்பாரைக் கொஞ்சம் கூட்டலாம், கொஞ்சம்தான். மழையில் ஆக்சிலரேட்டரை விட்டதும் வால் வீசினால் அது அதிகம்.

இனி இன்ஜின். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜினின் பவரும் கிட்டத்தட்ட அதே அளவு போகும். கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) மாட்டினால் சத்தம் வரும், போன காற்று வராது. டர்போ வண்டி இழப்பை ஈடுகட்டும். ஆனால் அதே அழுத்தத்துக்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், உள்ளே போகும் காற்றும் சூடாகும். அதனால் ரீமேப்பில் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை, அதாவது மேப்பை, மாற்றுவது) பூஸ்டை, அதாவது டர்போ தரும் அழுத்தத்தை, உச்சிவரை ஏற்றாதீர்கள். இன்னொன்று: டர்போ இல்லாத இன்ஜினில் மலைமேல் சிலிண்டர் அழுத்தம் குறைவதால் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) தெரியாது. ஊட்டிக் குளிரில் சாதாரணப் பெட்ரோலுக்கு இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்தள்ளி வைத்த மேப், மேட்டுப்பாளையம் வெயிலில் தட்டத் தொடங்கும். ட்யூனரிடம் (ரீமேப் செய்பவர்) டேட்டா லாக்கை, அதாவது ஓடும்போது இன்ஜின் தரும் அளவுகளின் பதிவை, அடிவாரத்தில், நண்பகலில், ஏசி போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.