இணையவழிக் கூட்ட மென்பொருள்: 'எல்லாவற்றிலும் ஓடும்' என்று முடிவெடுக்கும் முன்

வாசகர் வட்டமோ, பழைய மாணவர் சங்கமோ, பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகமோ, இணையவழிக் கூட்டத்துக்கு மென்பொருள் தேடும்போது நாம் கேட்பது ஒரே கேள்விதான். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடுமா? ஓடும் என்று போட்டிருந்தால் அத்தோடு தேர்வு முடிந்துவிடுகிறது. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. கூட்டத்தில் சேர்வது வேறு, கூட்டத்தைத் தொடங்குவது வேறு, திரையைப் பகிர்வது வேறு. இந்த மூன்றும் எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

ஆப்பிளின் வீடியோ அழைப்புச் செயலியான ஃபேஸ்டைமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்தபோது ஆண்ட்ராய்டு, விண்டோஸ் பயனர்களும் பிரவுசர் வழியாக அதில் சேரலாம் என்றானது. ஆனால் லிங்க்கை உருவாக்க ஆப்பிள் கருவி வேண்டும். குழுவில் ஐபோன் வைத்திருக்கும் ஒரே ஆள் அன்று வரவில்லை என்றால் கூட்டமே இல்லை. ஆகவே 'ஓடுமா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எந்தக் கருவியில் என்னென்ன செய்யலாம்' என்றும் கேளுங்கள்.

அடுத்த தவறு, ஏற்பாடு செய்பவர் தன் புது லாப்டாப்பில் மட்டும் சோதித்துப் பார்ப்பது. சோதனையைக் குழுவில் இருப்பதிலேயே பழைய கருவியிலிருந்து தொடங்க வேண்டும். விண்டோஸ் 7, 8.1 ஓடும் லாப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. குரோம் பிரவுசர் 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்போடு அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட லாப்டாப்பில் கூட்டம் திறக்காமல் போனால் குறை அதை வைத்திருப்பவருடையது இல்லை. அவர் தன் ஆண்ட்ராய்டு போனிலிருந்து சேர்ந்தால் போதுமா என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

சேர்வது சுலபமாக இருக்க வேண்டுமானால் பிரவுசரிலேயே திறக்கும் மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுங்கள். பிரவுசரிலேயே நேரடியாகப் பேசவும் பார்க்கவும் வழிசெய்யும் வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அதிகாரபூர்வத் தரமாக 2021 ஜனவரியில் ஆனது. கூகுள் மீட், ஜிட்சி, பள்ளி கல்லூரிகளுக்கென்றே உருவான பிக்ப்ளூபட்டன் எல்லாம் இதை அடிப்படையாகக் கொண்டவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மீட்டிங் சேவையிலும் எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே சேரலாம். கணினியில் புது மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாத அரசு ஊழியருக்கும், நிறுவவே தயங்கும் பெரியவருக்கும் இது பெரிய உதவி.

ஆனால் பிரவுசர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைப்பதும் தவறு. திரைப் பகிர்வில்தான் ஆளாளுக்கு ஒரு சிக்கல் வரும். கணினி பிரவுசரில் சாதாரணமாக நடக்கும் இந்த வேலை, போனில் குரோமிலும் சஃபாரியிலும் நடக்காது. போனிலிருந்து திரையைக் காட்ட வேண்டியவர் செயலியை நிறுவித்தான் ஆக வேண்டும். மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல், திரையைப் பதிவு செய்யும் அனுமதியை அமைப்புகளுக்குள் போய்த் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் செயலியை மூடித் திறக்கவும் சொல்லும். பேச்சாளர் பேசத் தொடங்கியபின் இதைச் செய்வது எவ்வளவு சங்கடம்!

லினக்ஸ் கதை இன்னும் நீளம். வேலண்ட் என்ற புதிய காட்சி அமைப்பு, பாதுகாப்புக்காக ஒரு செயலி மற்றொன்றின் திரையைத் தன் இஷ்டத்துக்குப் பார்க்க விடுவதில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 18.04 பதிப்பு, பழைய காட்சி அமைப்பான எக்ஸ்ஆர்க் முறைக்கே திரும்பியதற்குத் திரைப் பகிர்வுச் சிக்கலும் ஒரு காரணம். திரைக்காட்சியைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் பைப்வயர் என்ற மென்பொருள் வந்தபின் நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. இருந்தாலும் செயலியும் அதை ஆதரிக்க வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவர்களுக்குக் கறுப்புத் திரைதான் தெரியும். லினக்ஸ் பயனர் குழுவில் ஒருவரே இருந்தாலும், அவர் ஐந்து நிமிடம் திரையைப் பகிர்ந்து காட்டியபின் முடிவெடுங்கள்.

ஒலியோடு வீடியோ காட்டுவது இன்னொரு தொல்லை. கணினியின் முழு ஒலியையும் பகிரும் வசதி ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒவ்வொரு மாதிரி. குரோமில் வீடியோ ஓடும் அந்த ஒரு டேபை மட்டும் ஒலியோடு பகிர்வது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும்.

பழைய பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்வதும் வேண்டாம். லினக்ஸுக்கென மைக்ரோசாப்ட் தந்த டீம்ஸ் செயலி 2022 டிசம்பரோடு போய்விட்டது. இப்போது பிரவுசர் வழிதான். ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. யார் வேண்டுமானாலும் உள்நுழையாமல் கூட்டம் தொடங்க முடிந்த ஜிட்சியின் பொதுத்தளத்தில், 2023 ஆகஸ்ட் முதல் தொடங்குபவர் மட்டுமாவது உள்நுழைய வேண்டும்.

இலவசத் திட்டத்தின் எல்லையையும் பார்த்துவிடுங்கள். ஜூமில் 40 நிமிடம், மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம், வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 32 பேர். ஒன்றரை மணி நேர உரைக்கு நடுவில் எல்லோரையும் புது லிங்க்குக்கு வரச் சொன்னால், தட்டுத்தடுமாறிச் சேர்ந்த பெரியவர்கள்தான் முதலில் விடுபட்டுப் போவார்கள்.

சரி, கடைசியாக எப்படித்தான் தேர்வு செய்வது? இரண்டு மென்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரை அழைத்து அரைமணி நேரம் ஒத்திகை பாருங்கள். ஒவ்வொருவரும் சேர்ந்து, பேசி, திரையைக் காட்டி, முடிந்தால் கூட்டத்தைத் தாங்களே தொடங்கியும் பார்க்கட்டும். எது நடக்கவில்லை என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு அனுப்பும்போது லிங்க்குக்குக் கீழேயே, "போனிலிருந்து திரையைக் காட்டப் போகிறவர்கள் செயலியை இன்றே நிறுவிக்கொள்ளவும், மற்றவர்களுக்குக் குரோமே போதும்" என்பது போல இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.