கான்ஸ்டன்டைனைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பள்ளிப் பாடத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் என்றாலே 1453 தான். துருக்கியர் பிடித்தார்கள், ஐரோப்பியர் கடல்வழி தேடிக் கிளம்பினார்கள், பாடம் முடிந்தது. அந்த நகரத்தை நிறுவிய பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு ஒரே ஒரு வரி கிடைக்கும்: ‘கிறிஸ்தவத்தை ரோமின் அரச மதமாக்கியவர்.’ அந்த ஒரு வரியும் தப்பு.

313-ல் மிலானில் அவரும் அப்போது இன்னொரு பேரரசராக இருந்த லிசினியஸும் சேர்ந்து முடிவு செய்தது, அவரவர் தெய்வத்தை அவரவர் கும்பிடலாம் என்பதைத்தான். கிறிஸ்தவர்களிடம் பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னார்கள். அரச மதம் ஆக்கியது பின்னால் வந்த பேரரசர் தியோடோசியஸ், 380-ல். கான்ஸ்டன்டைன் இறந்தே 43 ஆண்டு ஆகியிருந்தது. மிலானுக்குப் பிறகும் பல வருடம் அவர் காசுகளில் சூரிய தெய்வம் வெளிவந்துகொண்டிருந்தது. 321-ல் ஓய்வு நாள் சட்டம் போட்டபோது அவர் எழுதியது ‘சூரியனின் நாள்’ என்றுதான் (நாமும் ஞாயிறு என்றுதானே சொல்கிறோம்). நீதிமன்றமும் பட்டறைகளும் மூட வேண்டும். உழவர்கள் மட்டும் வயலில் இறங்கலாம், பருவம் தப்பக்கூடாது என்பதற்காக. அவர் ஞானஸ்நானம் பெற்றது 337-ல், மரணப் படுக்கையில்.

அடுத்த தவறு, எல்லாச் சீர்திருத்தத்தையும் இவர் கணக்கில் எழுதுவது. மாகாணங்களைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டியதும், 301-ல் விலைக்கு உச்சவரம்பு விதித்துத் தோற்றதும் முன்னவர் டயோக்ளீஷியன். கான்ஸ்டன்டைன் 312-ல் ரோமைப் பிடித்த கையோடு, பேரரசர்களை ஏற்றியும் இறக்கியும் பழகிப்போன மெய்க்காவல் படையைக் கலைத்தார். அதன் தலைவர் பதவி சிவில் நிர்வாகத்தோடு நின்றது. படைக்குத் தனித் தளபதிகள் வந்தார்கள். கையில் பட்டாளமும் கஜானாவும் சேர்ந்து இருப்பவனுக்குத்தானே அரியணை ஆசை வரும்!

அப்புறம் ‘சாலிடஸ்’ பொற்காசு. ஒரு ரோமப் பவுண்டு தங்கத்துக்கு 72 காசு, ஒன்று சுமார் நாலரை கிராம். நம் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்றுக் கூடுதல். 11-ஆம் நூற்றாண்டு வரை பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. ஆனால் ‘பணவீக்கத்தை ஒழித்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். சாதாரண ஜனங்கள் கையில் இருந்த செப்புக்காசின் மதிப்பு தேய்ந்துகொண்டேதான் போனது. தங்கம் பட்டாளத்துக்கும் அதிகாரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வணிகர்கள் தலையில் பொன்னும் வெள்ளியுமாகக் கட்ட வேண்டிய புது வரி விழுந்தது. 332-ல் வந்த சட்டம் இன்னும் கொடுமை: ஓடிப்போகப் பார்க்கும் குத்தகை உழவனுக்கு விலங்கு மாட்டலாம். சீர்திருத்தம் என்றால் நல்லது மட்டும் என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம், அவ்வளவுதான்.

சரி, தலைநகர். வெறும் பொட்டலில் எழுந்ததல்ல அது. கிரேக்கர் குடியேறிய பைசாந்தியம் அங்கே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக இருந்தது. 324-ல் லிசினியஸைத் தோற்கடித்ததும் வேலை தொடங்கியது. நகரத் திறப்பு விழா 330 மே 11. ஆகவே நகரம் பிறந்த ஆண்டு என்று 324, 330 எதைச் சொன்னாலும் சரிதான், எதற்கு எது என்று சொன்னால் போதும். ‘ரோமைக் கைவிட்டார்’ என்பதும் பொருந்தாது. பேரரசர்கள் அதற்கு முன்பே மிலான், டிரியர், நிக்கோமீடியா என்று எல்லைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ரோமின் செனட் ரோமிலேயே தொடர்ந்தது.

அந்த நகரத்தின் இன்றைய பெயர் இஸ்தான்புல். அங்கே போகிறவர்கள் தேவாலயமாக எழுந்த ஹாகியா சோபியாவைப் பார்த்து ‘கான்ஸ்டன்டைன் கட்டியது’ என்று படம் போடுவார்கள். இப்போது நிற்கும் கட்டடம் பிற்காலப் பேரரசர் ஜஸ்டினியனுடையது, 537-ல் முடிந்தது. பெரிய நிலக்கோட்டைச் சுவரும் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தது. கான்ஸ்டன்டைனைப் பார்க்க அதே ஊரில் செம்பர்லிதாஷ் பக்கம் போக வேண்டும். கருஞ்சிவப்புக் கல்தூண், இரும்பு வளையம் பூட்டி, தீப்பிடித்துக் கறுத்து நிற்கிறது. உச்சியில் அவர் சிலை இருந்தது, தலையைச் சுற்றிச் சூரியக் கதிர்களோடு. 1106-ல் அடித்த புயலில் விழுந்துவிட்டது.