தூண் வரிசையைத் தாளில் கொண்டுவருவது: பெர்ஸ்பெக்டிவ் பழகத் தொடங்குபவர்களுக்கு

பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரிவதை அப்படியே தாளில் வரையும் முறை. அதைப் பழக எங்கே உட்காரலாம் என்று கேட்டால் நான் சொல்வது தஞ்சைப் பெரிய கோவிலின் திருச்சுற்று மாளிகை, கோவிலைச் சுற்றி ஓடும் தூண் தாழ்வாரம். விமானம் வேண்டாம். தாளை எடுத்ததும் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் அது கட்டும்போதே மேலே போகப் போகக் குறுகும்படி கட்டியது. நீங்கள் வரைந்ததில் குறுகியிருப்பது கட்டடத்தாலா, தூரத்தாலா என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. தூண் வரிசையில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே இடைவெளி, அதனால் ஒரு தூண் தப்பினாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். தஞ்சாவூர் தூரம் என்றால் உங்கள் ஊர்க் கோவில் பிராகாரம், பழைய அக்கிரகாரத்துத் திண்ணைத் தூண்கள், ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர், எதுவும் சரிதான்.

பென்சில் எடுக்கும் முன் ஒரு முடிவு. படம் எதற்கு? தச்சரிடம் கொடுத்து ஒரு பத்தாயம் செய்யச் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஐசோமெட்ரிக் போடுங்கள். நிற்கும் விளிம்புகள் நேர்குத்தாக, மற்ற இரண்டு திசைகளும் கிடைக்கோட்டுக்கு 30 டிகிரி சாய்வில், அவ்வளவுதான். இந்த மூன்று திசைகளில் எதில் ஸ்கேலை வைத்தாலும் அளவு சரியாக வரும், மூலைவிட்டத்தில் மட்டும் வராது. 1822-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் இதை ஒழுங்குபடுத்தி எழுதியதே இயந்திரங்களை வரைவதற்காகத்தான். ஆனால் ஐசோமெட்ரிக்கில் இணைகோடுகள் கடைசிவரை இணையாகவே ஓடும், தூரத்தில் இருப்பது சிறுக்காது. அதனால்தான் நீளமான பெட்டியை இப்படி வரைந்தால் பின்பக்கம் அகலமானது போலக் கண்ணுக்குத் தோன்றும். நின்ற இடத்திலிருந்து கண் பார்ப்பது போலவே வேண்டுமென்றால் பெர்ஸ்பெக்டிவ். இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

சாமான்கள்: மெல்லிய கோட்டுக்குக் கடினமான 2ஹெச் பென்சில், அழுத்தமான கோட்டுக்கு எச்பி பென்சில், நீளமான ஸ்கேல், ஒரு செட் ஸ்கொயர், நல்ல ரப்பர். பொறியியல் மாணவர்கள் பலகையில் மாட்டி வரையும் மினி டிராஃப்டர் வாங்காதீர்கள், இந்த வேலைக்கு அது இடைஞ்சல். போன் செயலிகளில் கட்டம் தானாக விழும், ஆனால் கோடு ஏன் அங்கே போகிறது என்று கை கற்றுக்கொள்ளாது. முதலில் தாள், அப்புறம் செயலி.

முதல் படி, கண்மட்டக் கோடு. கையை நீட்டி, ஸ்கேலைக் கண்ணுக்கு நேராகப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். எதிரே அது எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அதுதான் கோடு, தாளில் குறுக்கே ஒன்று இழுத்துவிடுங்கள். உங்கள் உயரமே உள்ள ஆட்கள் அதே தரையில் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அவர்கள் கண்கள் இந்தக் கோட்டில்தான் இருக்கும். நீங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அதே கோடு அவர்கள் இடுப்பை ஒட்டி ஓடும். நின்று தொடங்கி, கால் வலித்து உட்கார்ந்து தொடர்ந்தால் படம் பாழ், ஒரே நிலையில் இருங்கள்.

இரண்டாவது, மறையும் புள்ளி. தாழ்வாரத்தின் நீளவாக்கில் நேராகப் பாருங்கள். தூண்களின் உச்சியைத் தொட்டு ஓடும் கோடு கீழே இறங்குகிறது, அடியைத் தொட்டு ஓடும் கோடு மேலே ஏறுகிறது. இரண்டும் கண்மட்டக் கோட்டில் உங்களுக்கு நேர் எதிரே சந்திக்கும். அந்த இடத்தில் புள்ளி வையுங்கள். புளோரன்ஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்துகாட்டி, இத்தாலிய அறிஞர் ஆல்பர்ட்டி 1435-ல் எழுதிவைத்த முறையின் அடிப்படை இதுதான்.

மூன்றாவது படிதான் எனக்கு அதிக நாள் பிடித்தது, பலரும் நிற்கும் இடமும் இதுவே. தூண்கள் தூரம் போகப் போக நெருங்குகின்றன, சரி, எவ்வளவு நெருங்க வேண்டும்? கண்ணளவில் போட்டால் முதல் மூன்று நன்றாக வரும், நான்காவது தூண் தள்ளிப்போகும், ஐந்தாவது ஒட்டிக்கொள்ளும். இதற்கு அளவுகோல் தேவையில்லை, மூலைவிட்டம் போதும். பக்கத்தில் இருக்கும் முதல் தூணை ஒரு நேர்குத்துக் கோடாக வரையுங்கள். அதன் உச்சி, அடி, சரியான நடு, மூன்றிலிருந்தும் மறையும் புள்ளிக்கு 2ஹெச் பென்சிலில் மெல்லிய கோடுகள். இரண்டாவது தூணை மட்டும் கண்ணளவில் வைக்கலாம், அந்த உரிமை ஒரு முறைதான். இப்போது முதல் தூணின் உச்சியில் ஸ்கேலை வைத்து, இரண்டாவது தூணின் நடுப்புள்ளி வழியாகக் கீழே இழுங்கள். அது அடிக்கோட்டைத் தொடும் இடம்தான் மூன்றாவது தூணின் அடி. அங்கிருந்து நேர்குத்தாக ஏற்றுங்கள். அடுத்து இரண்டாவதன் உச்சி, மூன்றாவதன் நடு, கிடைப்பது நான்காவது. இப்படியே போகலாம்.

ஏன் இது வேலை செய்கிறது என்றால், நிஜத்தில் அடுத்தடுத்த மூன்று தூண்கள் ஒரு செவ்வகம், நடுத்தூணின் நடுப்புள்ளி அந்தச் செவ்வகத்தின் மையம், மூலைவிட்டம் மையத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். பெர்ஸ்பெக்டிவில் நீளங்கள் மாறும், நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் அடியிலிருந்தும் அதே நடுப்புள்ளி வழியாக மேலே ஒரு கோடு இழுங்கள். அது உச்சிக்கோட்டைத் தொடும் இடம் மூன்றாவது தூணின் உச்சியாகவே வர வேண்டும். வராவிட்டால் நடுப்புள்ளி பிசகியிருக்கிறது.

தூணின் பருமன், அதன் தலையில் இருக்கும் போதிகை, மேலே ஓடும் உத்தரம் எல்லாம் அப்புறம் எச்பி பென்சிலில். அவசரம் வேண்டாம்.

தஞ்சாவூர் ஓவியங்களில் இதெல்லாம் இல்லையே என்று சிலர் குறைபோலச் சொல்வதுண்டு. அங்கே யார் பெரியவர் என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. கிருஷ்ணர் நடுவில் பெரிதாக இருப்பது அவர் கிருஷ்ணர் என்பதால். அது வேறு முறை, குறைந்த முறை அல்ல.

பின்னர் சேர்த்தது: வாசகர் ஒருவர் தவலை வரையும்போது அடிப்பாகம் மட்டும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தார். அனுப்பிய படத்தில் வாயும் அடியும் ஒரே அளவு தட்டையான நீள்வட்டங்கள். வட்டம் சரியாகக் கண்மட்டத்தில் இருந்தால் வெறும் கோடு, அதைவிட்டுக் கீழே இறங்க இறங்க விரியும். ஆகவே தரையில் வைத்த தவலைக்கு வாயைவிட அடி இன்னும் உருண்டையாக விரிய வேண்டும். நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராக இருக்கக் கூடாது, அங்கேயும் வளைவுதான்.

இன்னொருவர் கேட்டது தாராசுரம் கோவில் மண்டபத்தை மூலையிலிருந்து வரைவது பற்றி. அங்கே இரண்டு மறையும் புள்ளிகள் வரும், பெரும்பாலும் இரண்டும் தாளுக்கு வெளியே. அவற்றைத் தாளுக்குள் இழுத்துக் கொண்டுவந்தால் மண்டபத்தின் முன்மூலை கத்தி போலத் துருத்தும். தாளைப் பெரிய பலகையில் டேப் போட்டு ஒட்டி, பலகையில் கண்மட்டக் கோட்டை நீட்டி, இரண்டு பக்கமும் தள்ளி, மறையும் புள்ளிக்கு ஒன்றாகக் குண்டூசி குத்தி நூல் கட்டுங்கள். நூலைத் தூணின் உச்சிவரை இறுக்கிப் பிடித்து, நூலுக்கு அடியில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு நூலை விட்டுவிடுங்கள். புள்ளிகளை ஸ்கேலால் சேர்த்தால் போதும், நூலை ஒட்டியே பென்சிலை ஓட்டினால் கோடு வளைந்துவிடும்.