அமெரிக்கப் புரட்சி எழுத்தைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அமெரிக்கா எழுந்த புரட்சிக் காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி இலக்கியமே இல்லை என்று முடிவுகட்டிவிட்டு, நேராக 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களான எமர்சனுக்கும் ஹாதோர்னுக்கும் தாவிவிடுகிறார்கள் பலர். நாவலைத் தேடினால் அப்படித்தான் தோன்றும். முதல் அமெரிக்க நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது வந்ததே 1789-ல்தான். அந்தத் தலைமுறையின் உயிர் துண்டுப் பிரசுரத்திலும் மேடைப் பேச்சிலும் பிரகடனத்திலும் இருந்தது. 1776 ஜனவரியில் பிலடெல்பியாவில் வந்த தாமஸ் பெய்னின் ‘காமன் சென்ஸ்’ என்ற துண்டுப் பிரசுரம், எல்லோர் வீட்டிலும் இருந்த பைபிளை வைத்தே மன்னராட்சியை அடித்தது. அதன் விற்பனை பற்றிய லட்சக் கணக்குகளை மட்டும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஆய்வாளர்களுக்கே அதில் சந்தேகம் உண்டு.

புரட்சித் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் ஹென்றியின் “சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு” பேச்சிலும் இதே கவனம் தேவை. அவர் பேசியது 1775-ல். நாம் படிக்கும் வாசகம், அவர் இறந்து 18 வருடம் கழித்து, 1817-ல் வில்லியம் வர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வந்தது. கேட்டவர்களின் நினைவிலிருந்து திரட்டியது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, தாக்கம் என்றால் பின்னால் வந்தவர்கள் கைகூப்பி நின்றார்கள் என்று நினைப்பது. பிரிட்டிஷ் மன்னரின் குற்றங்களை அடுக்கி விடுதலையை அறிவித்த 1776 சுதந்திரப் பிரகடனத்தோடு சண்டை போட்டவர்களிடம்தான் அது அதிகம் வாழ்ந்தது. 1848-ல் பெண்ணுரிமை மாநாட்டுக்காக செனிகா ஃபால்ஸில் கூடிய பெண்கள் அதன் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் மன்னர் இருந்த இடத்தில் ஆணை நிறுத்தினார்கள். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் பேசிய, அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ், நாட்டை நிறுவிய முன்னோரை முதலில் மனதாரப் பாராட்டிவிட்டு, இந்தச் சுதந்திர தின விழா உங்களுடையது, என்னுடையது அல்ல என்று திருப்பினார். அந்தப் பாராட்டை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டினால் பேச்சின் பாதி பலம் போய்விடும். எழுத்தாளர் தோரோ வால்டன் குளக்கரைக் குடிசைக்குக் குடிபோனதும் 1845-ல் சுதந்திர தினமான ஜூலை 4 அன்றுதான். தற்செயல் என்கிறார். சரி, நம்புவோம்!

அப்புறம், கவிஞர் ஃபிலிஸ் வீட்லியைத் தனி அத்தியாயத்தில் ஒதுக்கிவைப்பதும் தவறு. ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட இவரின் கவிதை நூல் 1773-லேயே லண்டனில் வெளிவந்தது. விமர்சிக்கக்கூடத் தகுதியற்றவை என்று அந்தக் கவிதைகளை ஒதுக்கியவர் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன். அதே வீட்லி வாஷிங்டனைப் பற்றி எழுதிய கவிதையோ, 1776-ல் ‘பென்சில்வேனியா மேகசின்’ இதழில் அச்சானது. பெய்ன் ஆசிரியராக வேலை பார்த்த இதழ் அது.