பாலமிடும் ராணுவ வண்டிகள்: ஹைட்ராலிக் சோதனைக் கருவிகளைப் பராமரிக்கும் முறை

15 மீட்டர் பாலத்தை ஹைட்ராலிக் விசையால் விரித்துப் போடும் சர்வத்ரா போன்ற வண்டிகளிலும் கவச டோசர்களிலும், பம்ப் தேய்ந்ததா, ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிகுந்தால் திறந்து எண்ணெயை வடிக்கும் வால்வு) கசிகிறதா என்று சொல்வது சோதனைப் பெட்டியில் உள்ள, அழுத்தம் காட்டும் கேஜும் எண்ணெய் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டரும்தான். அவை தவறாகக் காட்டினால் நல்ல பம்பைக் கழற்றுவோம். அவை அழுக்காக இருந்தால் இன்னும் கேடு: ஒரு வண்டியின் உலோகத் துகளை அடுத்த வண்டிக்குள் நாமே செலுத்திவிடுவோம்.

முதலில் ஹோஸ். பெரும்பாலும் எம்16×2 திருகுள்ள டெஸ்ட் பாயின்ட்டில் (அழுத்தத்தை அளக்க லைனில் வைத்த இணைப்பு முனை) மாட்டும் மெல்லிய ஹோஸ்தான் இருக்கும். உள்துளை 2 மி.மீ. மாட்டுமுன் என்ஜினை நிறுத்தி, பாலத்தையோ பிளேடையோ தரையில் இறக்கி, அக்யுமுலேட்டரின் (வாயுவால் எண்ணெயை அழுத்தத்தில் சேமிக்கும் கலன்) எண்ணெய் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். டெஸ்ட் பாயின்ட்டைச் சுற்றித் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். காட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிரும். கழற்றிய மூடியைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போடுங்கள், வண்டியின் மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஹோஸின் இரு முனைக்கும் மூடி போட வேண்டும். மூடி இல்லாத ஹோஸைப் பெட்டியில் வைத்தால் ஃபோமில் ஊறிய எண்ணெயும் அதில் ஒட்டிய மணலும் முனைக்குள் ஏறும். எண்ணெய் ஊறிய ஃபோமைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

மடிப்போ கொப்புளமோ உள்ள ஹோஸை வேறு யாரும் எடுக்காதபடி இரண்டாக வெட்டிப் போடுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் அது அவசர அறுவை சிகிச்சைக்குரியது. தள்ளி நின்று அட்டையை நீட்டிப் பாருங்கள்.

கேஜைப் பொறுத்தவரை, வேலை அழுத்தம் முழு அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் தேர்ந்தெடுங்கள். 250 பார் (பார் என்பது அழுத்த அலகு) லைனுக்கு 400 பார் கேஜ் சரி, 250 பார் கேஜ் கூடாது. கழற்றிய பின் முள் பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால், உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இரு முனையிலும் அடைப்பு வால்வு உள்ள ஹோஸில் இது நடக்கும். அதுவும் இல்லையென்றால் அதிக அழுத்தத்தில், கேஜுக்குள் முள்ளை நகர்த்தும் போர்டன் குழாய் வளைந்திருக்கிறது. முள்ளை நகர்த்திச் சரிசெய்ய வேண்டாம், காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) அனுப்புங்கள். கீழே விழுந்த கேஜுக்கும் இதே விதி, அடுத்த காலிபரேஷன் தேதி வரை காத்திருக்கக் கூடாது.

அழுத்தத்தை 4–20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகக் காட்டும் சென்சாரைச் சோதிப்பது எளிது. 0–400 பார் சென்சார் அழுத்தமில்லாதபோது 4, 100 பாரில் 8, 200 பாரில் 12 மில்லிஆம்பியர் காட்ட வேண்டும். நொடிப்பொழுது எழும் அழுத்த உச்சத்தைப் பிடிக்க வேண்டுமானால் சென்சாரை நேராக டெஸ்ட் பாயின்ட்டில் மாட்டுங்கள். நீண்ட 2 மி.மீ. ஹோஸ் அந்த உச்சத்தை விழுங்கிவிடும்.

டர்பைன் ஃப்ளோ மீட்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி உலர்த்துவது பல பட்டறைகளில் பழக்கம். இதை அறவே நிறுத்த வேண்டும். காற்றில் டர்பைன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். அதன் பிறகு ஓட்டத்தைக் குறைத்தே காட்டும். ஃபில்டர் செய்த ஹைட்ராலிக் எண்ணெயால் அலசி, தானாக வடியவிட்டு மூடுங்கள். ஓட்டத்தை இறுக்கி அழுத்தம் ஏற்றும் லோடிங் வால்வை முழுதும் திறந்து வைத்த பிறகே பம்பை ஓட்ட வேண்டும். மிகை அழுத்தத்தில் தானே உடைந்து மீட்டரைக் காக்கும் பாதுகாப்பு டிஸ்க் வெடித்தால் அதே மதிப்புள்ள புதிய டிஸ்க் மட்டுமே போட வேண்டும். தகரத்தை வெட்டிப் போட்டால் அடுத்து வெடிப்பது மீட்டரின் உடலாக இருக்கும்.

துகள் எண்ணும் கருவி காற்றுக் குமிழியையும் நீர்த்துளியையும் துகளாகவே எண்ணும். முதலில் வரும் எண்ணெயை வடித்துவிட்டு, அளவு நிலைத்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெயின் சுத்தத்தைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 4406 குறியீட்டில் ஒரு படி ஏறினால் துகள் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பு என்பதால், கவனக்குறைவாக எடுத்த மாதிரி, வண்டியின் எண்ணெயைப் பற்றி எதையும் சொல்லாது.

அக்யுமுலேட்டரில் வாயு நிரப்பும் சார்ஜிங் கிட்டில் நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். எண்ணெய் அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போதே வாயு அழுத்தத்தை அளந்து, வெப்பநிலையையும் எழுதுங்கள்: 20 டிகிரியில் 100 பார் இருந்த வாயு 50 டிகிரியில் 110 பார் காட்டும், அது கோளாறு அல்ல.