நியூயார்க்கில் செக்‌ஷன் 8 வவுச்சரோடு வீடு தேடுவது எப்படி? முதல்முறை தேடுபவர்களுக்கு

வவுச்சர் கையில் வந்த அன்று, அடுத்த வாரமே பால் காய்ச்சிக் குடிபோய்விடலாம் என்று அக்கா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளும் இரண்டு பிள்ளைகளும் குவீன்ஸில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில், அதாவது தரைமட்டத்துக்குக் கீழே உள்ள வீட்டில், இருந்தார்கள். புது வீட்டுச் சாவி கைக்கு வர நாலு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் வவுச்சரின் கெடுவை நீட்டிக்கச் சொல்லி மனுவும் போட வேண்டியிருந்தது. விவரம் தெரியாமல் நாங்கள் தொலைத்த வாரங்கள் உங்களுக்காவது மிஞ்ச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செக்‌ஷன் 8 என்பது 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மத்திய அரசுத் திட்டம். வாடகையில் ஒரு பங்கை நீங்கள் கட்டுகிறீர்கள், மீதியை அரசு நேராக வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. நியூயார்க் நகரத்தில் பெரும்பாலான வவுச்சர்களைக் கொடுப்பது நகர வீட்டுவசதி ஆணையம், எல்லோரும் சொல்வது போல நைச்சா. நகரத்தின் சொந்த வாடகை உதவித் திட்டமான சிட்டிஃபெப்ஸுக்கு விதிகள் வேறு. ஆனால் தேடும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

2024 ஜூனில் நைச்சா தன் காத்திருப்புப் பட்டியலை ஒரே ஒரு வாரம் திறந்தது. 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் 2 லட்சம் பேருக்குத்தான் பட்டியலில் இடம். அப்படிப்பட்ட வவுச்சர் கிடைத்த பிறகும், வீடு கிடைக்காமல் கெடு முடிந்து அதை இழப்பவர்கள் இருக்கிறார்கள். 2023 கணக்கெடுப்பின்படி இந்த நகரத்து வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை 1.41 சதவீதம்தான். அதனால் முதல் நாளிலிருந்தே நாட்காட்டியைப் பார்த்து வேலை செய்யுங்கள்.

படி 1: வவுச்சரில் இருப்பதைப் படியுங்கள்

இரண்டு விஷயங்களை உடனே குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை படுக்கையறைக்கான வவுச்சர், எந்தத் தேதியில் முடிகிறது. நைச்சா பொதுவாக 120 நாள் கொடுக்கிறது. தேதி முடிவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டால் நீட்டிப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கு நீங்கள் உண்மையாகவே தேடியதைக் காட்டுவது நல்லது. எனவே ஒரு நோட்டில் பார்த்த வீட்டின் முகவரி, தேதி, பேசிய ஆள், கிடைத்த பதில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நாங்கள் இதை ஐந்தாவது வாரத்தில்தான் தொடங்கினோம். முன்பு பார்த்த வீடுகளை நினைவிலிருந்து எழுதுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டில் யாருக்காவது உடல் ஊனமோ நீண்டகால நோயோ இருந்தால், அதைச் சொல்லியும் கூடுதல் நாள் கேட்கலாம்.

படி 2: எவ்வளவு வாடகை வரை போகலாம்?

பலர் தடுமாறும் இடம் இது. ஒவ்வொரு அளவு வீட்டுக்கும் நைச்சா ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரம்பு அவ்வப்போது மாறும் என்பதால் அன்றைய பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். சில ஜிப் கோடுகளில் அது கூடுதலாகவும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஓர் உதாரணம் போடுவோம். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். கழிவுகள் போக உங்கள் மாத வருமானம் 2,000 டாலர், உச்சவரம்பு 2,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு சுமாராக வருமானத்தில் 30 சதவீதம், அதாவது 600 டாலர். வாடகை 2,500-க்குள் இருந்தால் நீங்கள் கட்டுவது அந்த 600-தான். வாடகை 2,600 என்றால் வரம்பைத் தாண்டிய 100-ம் உங்கள் தலையில் விழும், 700 கட்டுவீர்கள். ஆனால் குடிபோகும்போது உங்கள் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தை, இங்கே 800-ஐ, தாண்டக் கூடாது. 2,800 டாலர் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் உங்கள் பங்கு 900 ஆகிவிடும், அனுமதி கிடைக்காது.

இன்னொன்று. கரண்ட், கேஸ், ஹீட்டிங் கட்டணத்தை நீங்கள் கட்டுவதாக இருந்தால், அதற்கென ஒரு தொகையை வாடகையோடு கூட்டித்தான் வரம்பைப் பார்ப்பார்கள். ஆகவே விளம்பரத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஹீட்டும் சுடுதண்ணீரும் வாடகையில் சேர்ந்ததா?

படி 3: கோப்பு தயார் செய்யுங்கள்

அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், இப்போதைய வீட்டுக்காரரின் கடிதம், வவுச்சர் நகல். எல்லாவற்றையும் போனில் ஒரே பிடிஎஃப் கோப்பாகவும் வைத்திருங்கள். நல்ல வீடு ஒரு மாலைக்குள் கைமாறிவிடும். விண்ணப்பத்துக்கும் பின்னணிச் சோதனைக்கும் சேர்த்து 20 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது என்பது 2019 முதல் மாநிலச் சட்டம். யாராவது 100, 150 கேட்டால் கொடுக்காதீர்கள்.

படி 4: எங்கே தேடுவது

ஸ்ட்ரீட்ஈஸி, ஜில்லோ எல்லோரும் பார்க்கும் இணையதளங்கள். அஃபோர்டபிள்ஹவுசிங் டாட் காம் தளத்தில் வவுச்சரை ஏற்கும் வீட்டுக்காரர்கள் விளம்பரம் போடுகிறார்கள். குறைந்த வாடகை வீடுகளுக்காக நகரம் நடத்தும் ஹவுசிங் கனெக்ட் குலுக்கலிலும் பெயர் போட்டு வையுங்கள். அங்கே கேட்கும் குறைந்தபட்ச வருமானம் வவுச்சர் இருப்பவர்களுக்குத் தடையாக இருக்காது. ஆனால் அது மெதுவாக நகரும். கெடுவுக்குள் நடக்கும் என்று அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

எங்களுக்குப் பலன் தந்தது நடை. பிராங்க்ஸில் கிராண்ட் கான்கோர்ஸ் பக்கமும் குவீன்ஸில் ஜமைக்கா பக்கமும் பெரிய பழைய கட்டடங்கள் நிறைய. வாசலில் நிர்வாக அலுவலகத்தின் எண் எழுதியிருக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரிடம் "ஏதாவது காலியாகப் போகிறதா?" என்று கேட்டால், இணையத்தில் வராத வீடுகூடத் தெரியவரும். ஆறு அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள, 1974-க்கு முன் கட்டிய கட்டடங்களில் பெரும்பாலும் வாடகைக் கட்டுப்பாடு இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை, புதுப்பித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. முடிந்தால் அதையே தேடுங்கள்.

படி 5: "நோ புரோகிராம்ஸ்" என்று சொன்னால்

இந்த வார்த்தையை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். வவுச்சர் எடுக்க மாட்டோம் என்பதுதான் அதன் பொருள். நியூயார்க் நகர மனித உரிமைச் சட்டப்படி, வாடகைப் பணம் வவுச்சரிலிருந்து வருகிறது என்பதற்காக வீடு மறுப்பது 2008 முதல் சட்டவிரோதம். வீட்டுக்காரரே குடியிருக்கும் சின்ன வீடுகளுக்குச் சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் பலர் நேரடியாக மறுப்பதில்லை. பதில் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள். அக்காவுக்கு ஒரு ஏஜென்ட் "சனிக்கிழமை வந்து பாருங்கள்" என்று மெசேஜ் அனுப்பினார். செக்‌ஷன் 8 என்று அவள் சொன்ன பத்து நிமிடத்தில் "வீடு போய்விட்டது" என்று பதில் வந்தது. மறுநாள் நான் வேறு எண்ணிலிருந்து விசாரித்தேன். அதே வீடு காலியாக இருந்தது. அன்றைக்கு அவள் அழுததை நான் மறக்கவில்லை. ஆனால் எல்லாம் எழுத்தில் இருந்ததால் அது ஆதாரமாயிற்று.

அதனால் முடிந்தவரை மெசேஜிலும் ஈமெயிலிலும் பேசுங்கள். போனில் பேசினால், பேசி முடித்ததும் "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு நகரத்தின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து, மனித உரிமை ஆணையத்தில் வருமான மூலப் பாகுபாடு பற்றிப் புகார் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வீடு இன்னும் காலியாக இருக்கும்போதே சொன்னால், ஆணையத்தின் ஆட்கள் வீட்டுக்காரரை நேரடியாக அழைத்துப் பேசுவதும் உண்டு. அதனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று விடாமல் அன்றைக்கே கூப்பிடுங்கள். முறையான புகாருக்கு ஓராண்டு அவகாசம்.

இந்த ஊரில் வருட வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். வவுச்சர் உள்ளவரிடம் மொத்த வாடகைக்கும் அந்தக் கணக்கைப் போட்டுத் தள்ளுவது தவறு. உங்கள் பங்கு எவ்வளவு, மீதி யார் கட்டுகிறார்கள் என்பதைப் பணிவாக, எழுத்தில் சொல்லுங்கள்.

வவுச்சர் இருக்கிறது என்று முதல் மெசேஜிலேயே சொல்ல வேண்டுமா? என் கருத்து: வேண்டாம். வீட்டைப் பாருங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள், பிறகு சொல்லுங்கள். நேரடியாகக் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள்.

படி 6: வீட்டைப் பார்க்கும்போது இன்ஸ்பெக்டரின் கண்ணோடு பாருங்கள்

நைச்சா ஆய்வு செய்து தேறினால்தான் பணம் வரும். குழாய், கழிப்பறை, அடுப்பு வேலை செய்கிறதா? ஜன்னல் திறந்து மூடிப் பூட்டுகிறதா? புகை, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? 1978-க்கு முந்திய கட்டடத்தில் பெயின்ட் உரிந்திருந்தால், ஆறு வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள குடும்பம் பழைய பெயின்டில் இருக்கக்கூடிய ஈய நச்சை நினைத்துப் பயப்பட வேண்டும். பத்து வயது வரை பிள்ளைகள் இருந்தால், மூன்றும் அதற்கு மேலும் வீடுகள் உள்ள கட்டடத்தில் ஜன்னல் கம்பி போட்டுத் தருவது வீட்டுக்காரர் கடமை. நகர வீட்டுவசதித் துறையின் இணையதளமான ஹெச்பிடி ஆன்லைனில் முகவரியைப் போட்டால் அந்தக் கட்டடத்தின் விதிமீறல்கள் தெரியும். சி வகை என்று இருப்பவை உடனடி ஆபத்தானவை. அவை நிறைய இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பேஸ்மென்ட் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் ஆட்கள் நிறையப் பேர் குவீன்ஸ் பேஸ்மென்ட்களில் இருக்கிறோம். அவற்றில் பல சட்டப்படி குடியிருக்க அனுமதி இல்லாதவை, வவுச்சருக்கு ஆகாது. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் இந்த நகரத்தில் 11 பேர் இறந்தது பேஸ்மென்ட் வீடுகளில்தான். அக்கா அதிலிருந்து வெளியேற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

படி 7: ஒப்புதல், ஆய்வு, லீஸ்

வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒப்புதல் படிவங்களை இருவரும் நிரப்ப வேண்டும். அவர் பக்கம் உரிமைச் சான்று, வரிப் படிவம், வங்கி விவரம். இதில்தான் வாரங்கள் கரையும். வீட்டுக்காரர் இந்தத் திட்டத்துக்குப் புதியவராக இருந்தால் அவரோடு உட்கார்ந்து நிரப்ப உதவுங்கள், எதையும் அவரிடமே விட்டுவிடாதீர்கள். அடுத்து, அந்தப் பகுதி வீடுகளோடு ஒப்பிட்டு வாடகை நியாயமானதா என்று நைச்சா பார்க்கும், ஆய்வும் நடக்கும். தேறாவிட்டால் பதற வேண்டாம். பழுதைச் சரிசெய்ததும் மறுபடி வந்து பார்ப்பார்கள்.

ஒப்புதல் வரும் முன் குடிபோகாதீர்கள். போனால் அந்த நாட்களின் முழு வாடகையும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

செக்யூரிட்டி டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதை வவுச்சர் தராது. கையில் இல்லாவிட்டால் நகரத்தின் நலத்திட்ட உதவித் துறையான ஹெச்ஆர்ஏ அலுவலகத்தில் ஒன்-ஷாட் டீல் என்ற அவசர உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஜூன் 11 முதல், வீட்டுக்காரர் அமர்த்திய புரோக்கருக்கு நீங்கள் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. "லீஸில் இருப்பதற்கு மேல் மாதம் 200 கையில் கொடுங்கள்" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம், உங்கள் வவுச்சரே போய்விடலாம். எங்களிடமும் ஒருவர் கேட்டார். அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

லீஸில் கையெழுத்தானதும் அதன் நகல், ஒப்புதல் கடிதம், வவுச்சர் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். ஆண்டுதோறும் வருமானத்தைச் சரிபார்க்கும் படிவம் வரும், பிள்ளைகளின் பள்ளிக் கடிதங்களோடு கலந்து காணாமல் போய்விடும். அக்கா அந்தக் கவரைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.