அப்பாவுக்குக் கணினி தானாகத் திறக்க வேண்டும்

பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கணினி ஒன்றுதான், கணக்குகள் மூன்று. எனக்கு, மகளுக்கு, அப்பாவுக்கு. அப்பாவுக்குக் கை நடுக்கம். கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவதைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் அவர் கணக்கு தானாகத் திறக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

விண்டோஸ் 11-இல் விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, நெட்பிஎல்விஸ் (netplwiz) என்று தட்டினேன். பயனர் பட்டியல் வந்தது. பயனர்கள் கடவுச்சொல் கொடுத்தே நுழைய வேண்டும் என்று சொல்லும் டிக் பெட்டியை மட்டும் காணோம். என் கணக்கில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், விண்டோஸ் ஹலோவை (முகம், விரல்ரேகை, பின் எண் கொண்டு நுழையும் வசதி) மட்டுமே அனுமதிக்கும் சுவிட்சை அணைத்தேன். மறுபடி திறந்ததும் பெட்டி வந்துவிட்டது.

அப்பா பெயரைத் தேர்ந்தெடுத்து, டிக்கை எடுத்து, அப்ளை கொடுத்தேன். அங்கேதான் சறுக்கினேன். கடவுச்சொல் கேட்ட இடத்தில் அவருடைய நான்கு இலக்கப் பின்னைப் போட்டுவிட்டேன். அப்போது ஏற்றுக்கொண்டது, ரீஸ்டார்ட் செய்ததும் கடவுச்சொல் தவறு என்று நின்றது. சரியான கடவுச்சொல்லை இரண்டு முறை கொடுத்த பிறகு நேராக அவர் திரை வந்தது.

தானாகத் திறப்பது ஒரு கணக்குக்குத்தான். நானும் மகளும் சைன் அவுட் கொடுத்து, எங்கள் பெயரைத் தொட்டு, கடவுச்சொல்லோடு நுழைகிறோம். அப்புறம், அப்பாவின் கணக்கை அட்மினிலிருந்து சாதாரணப் பயனராக மாற்றினேன். பூட்டில்லாத கதவுக்கு அந்த அளவு அதிகாரம் போதும். வங்கி வேலையெல்லாம் என் கணக்கில் மட்டும்.

இப்போது காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு அவரே செய்தி படிக்கிறார்.